சதுப்பு நிலத்துக்கு அருகில் வீட்டை விரிவாக்குகிறீர்களா? அஸ்திவாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, ஜல்லடியன்பேட்டை, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் என்று தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் சொந்த வீடு உள்ளவர்களுக்காக இந்தப் பக்கம். மகனுக்குத் திருமணம், பெற்றோருக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை, வீட்டிலிருந்தே வேலை என்று ஏதோ ஒரு காரணத்தால் பக்கவாட்டில் ஒன்றிரண்டு அறைகள் கூட்ட வேண்டிய நிலை வருகிறது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "நாலு பில்லர் போட்டால் முடிந்தது" என்கிறார். இந்த மண்ணில் அது அத்தனை சுலபம் இல்லை. இங்கே தண்ணீரை முதலில் பார்க்க வேண்டும், மண்ணை அடுத்ததாக. கான்கிரீட்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். வேறு ஊரில் ஏரிக்கரையிலோ கழிமுகத்திலோ வீடு உள்ளவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மண்ணின் விவரங்களும் அனுமதி விதிகளும் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

எங்கள் மனை சதுப்பு நிலத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாங்களும் கவலைப்பட வேண்டுமா?

கவலைப்பட வேண்டும். பள்ளிக்கரணைக் கழுவெளி, அதாவது இந்தச் சதுப்பு நிலம், ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையும், பல ஏரிகளின் உபரி நீரும் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகின்றன. இன்று வேலிக்குள் இருப்பது அதில் ஒரு பகுதிதான். வேலிக்கு வெளியே உங்கள் வீடு இருந்தாலும், அந்த மனையின் அடிமண் பழைய கழுவெளியாகவே இருக்கலாம்.

வீட்டிலேயே இதற்கான அடையாளங்கள் தெரியும். கோடையிலும் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்து உதிரும். தோட்டத்தில் தானாகக் கோரை முளைக்கும். இரண்டு அடி தோண்டினால் கருஞ்சாம்பல் நிறத்தில், அழுகல் வாடையோடு களிமண் வரும். இவற்றில் இரண்டு இருந்தாலே கீழே படிக்கும் எல்லாம் உங்களுக்கும்தான்.

அனுமதி வாங்க வேண்டுமா? ஓர் அறைதானே?

ஓர் அறையானாலும் வேண்டும். இந்தப் பகுதியில் அனுமதி என்பது வெறும் காகித வேலையாக இருந்த காலம் போய்விட்டது.

மத்திய அரசின் ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள், 2017, பாதுகாக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடை செய்கின்றன. முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத் துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது என்கின்றன. பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலம் (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) ஆனது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லை ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரையிலும் கட்டுமான அனுமதி கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இது வழக்குகளோடு நகரும் விஷயம். எனவே நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிலை என்பதை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமோ (சி.எம்.டி.ஏ.) உள்ளாட்சி அலுவலகத்திலோ எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று தரகர் வாயால் சொல்வது பதில் ஆகாது.

கூடவே, பட்டா, புல வரைபடம், அ-பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அ-பதிவேட்டில் கழுவெளி, ஏரி, ஓடை, நீர்ப்பிடிப்பு என்று ஏதாவது சொல் இருந்தால், அஸ்திவாரம் பற்றிப் பேசும் முன் நில விவகாரம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைத்துவிடுகிறதே?

கிடைக்கலாம். அந்த முறையில் விவரங்கள் சரி என்று உறுதி கொடுப்பவர் நீங்கள். பின்னாளில் நிலம் விதிக்குள் வரவில்லை என்று தெரிந்தால் பொறுப்பும் உங்களுடையதுதான்.

ஓர் அறைக்கு மண் பரிசோதனை அதிகப்படியாகத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டு அறிக்கையைப் பயன்படுத்தலாமா?

கூடாது. இந்தப் பகுதியில் முப்பது அடி நகர்ந்தாலே மண் மாறும். பழைய வாய்க்கால், தூர்ந்த குட்டை, எவரோ கொட்டிய கட்டட இடிபாடு எல்லாம் தரைக்குக் கீழே மறைந்திருக்கும். புதிய அறை வரும் இடத்திலேயே குறைந்தது ஒரு துளை, முடிந்தால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகள் போடுங்கள். தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் (என்.ஏ.பி.எல்.) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாக இருக்கட்டும்.

அறிக்கை கையில் வந்ததும் அதைப் பொறியாளரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள், நீங்களும் படியுங்கள். உதாரணமாக இப்படி ஓர் அட்டவணை இருக்கும்: தரையிலிருந்து 1.5 மீட்டர் வரை நிரப்பு மண், செங்கல் துண்டுகள், 1.5 முதல் 6 மீட்டர் வரை கருஞ்சாம்பல் களிமண், என் (N) மதிப்பு 3. 6 முதல் 9 மீட்டர் வரை மணல் கலந்த களி, என் மதிப்பு 14. அதற்குக் கீழே சிதைந்த சார்னோகைட் பாறை, என் மதிப்பு 50க்கு மேல். என் மதிப்பு என்பது 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு. மூன்றே முறை அடித்ததும் இறங்குகிறது என்றால் அந்த மண் கட்டைவிரலால் எளிதாக அழுத்திவிடக்கூடிய களி. அதன்மீது சதுர மீட்டருக்கு 3 முதல் 5 டன் வரைதான் பாரம் வைக்கலாம். செம்மண் மேட்டில் பழகிய மேஸ்திரியின் மனக்கணக்கு இதைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். தொல்லை தொடங்குவது அங்கேதான்.

பரிசோதனைக்குச் சொல்லும்போதே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சல்ஃபேட், குளோரைடு, அமிலத்தன்மை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பல ஆய்வகங்கள் பார்ப்பதில்லை.

தனித்தனி ஃபுட்டிங், ராஃப்ட், பைல்: எது எங்களுக்கு?

ஃபுட்டிங் என்பது ஒவ்வொரு பில்லருக்கும் கீழே தனியாகப் போடும் கான்கிரீட் பாதம். ராஃப்ட் என்பது அறை முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை. பைல் என்பது ஆழத்தில் உள்ள கெட்டி மண் வரை இறங்கும் கான்கிரீட் தூண். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தானாக வந்துவிடும். 12க்கு 14 அடி அறை, கூரை வரை ஒரே தளம், 9 அங்குலச் செங்கல் சுவர். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 36 டன். நான்கு பில்லருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 9 டன். மண் சதுர மீட்டருக்கு 4 டன் தாங்குகிறது என்றால் ஒவ்வொரு ஃபுட்டிங்கும் ஒன்றரை மீட்டர் சதுரம். நான்கும் சேர்ந்து 9 சதுர மீட்டர். அறையின் மொத்தப் பரப்பே 15.6 சதுர மீட்டர்தான். ஃபுட்டிங்குகள் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் ஒரே பலகையாகச் சேர்த்து ராஃப்டாகப் போட்டுவிடுவது நல்லது. அங்கங்கே மெலிந்த மண் இருந்தாலும் ராஃப்ட் ஒரே உடலாக இறங்கும். ஒரு மூலை மட்டும் அமிழ்ந்து சுவர் கிழியும் ஆபத்து குறைகிறது.

நாளைக்கு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தாலோ, மெலிந்த களி ஆறேழு மீட்டருக்கு மேல் ஆழம் போனாலோ, பைல் பற்றி யோசியுங்கள். கரிசல் மண்ணுக்காக ரூர்க்கி மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் பரப்பிய, அடியில் குமிழ் விரிந்த பைலை இங்கேயும் பலர் பரிந்துரைக்கிறார்கள். தண்ணீர் மட்டம் உயர்ந்த சேற்றுக் களியில் அந்தக் குமிழ் வெட்டும்போதே சரிந்து மூடிக்கொள்ளும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. இங்கே துளை சரியாமல் தாங்கும் பெண்டோனைட் களிக் கரைசல் நிரப்பித் துளையிட்டு, கெட்டி மண்ணிலோ சிதைந்த பாறையிலோ கால் ஊன்றும் நேரான பைலே நம்பகமானது. கான்கிரீட்டைத் துளையின் வாயிலிருந்து கொட்டக் கூடாது. டிரெமி குழாய் வழியாக அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஓர் இழுப்பு அதிகமாக இழுத்தால், அந்த இடத்தில் சேறு புகுந்து பைல் கழுத்து நெரிந்துபோகும். பைல் போடும் நாளில் வேறு எந்த வேலை இருந்தாலும் உங்கள் பொறியாளர் அங்கே நிற்க வேண்டும்.

செலவைக் குறைக்க வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. எடையைக் குறையுங்கள். மேலே சொன்ன 36 டன்னில் சுவர் மட்டுமே 20 டன்னுக்கு மேல். அதே சுவரை ஏ.ஏ.சி. பிளாக்கில் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) எழுப்பினால் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஏ.ஏ.சி. பிளாக் தண்ணீரை உறிஞ்சும். 2015இல் உங்கள் தெருவில் வெள்ளம் எந்த உயரம் வந்ததோ அதற்கு மேல்தான் அது. கீழே கான்கிரீட் சாலிட் பிளாக் வையுங்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து மண் கொட்டி மனையை மேடாக்கிய பிறகு கட்டலாமா?

2015 டிசம்பருக்குப் பிறகு தெருத்தெருவாக நடந்தது இதுதான். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கமும் இதுதான்.

ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிராவல் கொட்டினால் சதுர மீட்டருக்கு சுமார் 1.8 டன் பாரம். சாதாரண வீட்டின் ஒரு தளமும் ஏறத்தாழ அந்த அளவு எடைதான் இருக்கும். அதாவது அறை கட்டும் முன்பே மெலிந்த களியின் தலையில் ஏறத்தாழ ஒரு மாடியை ஏற்றிவிட்டீர்கள். களிமண் அந்தப் பாரத்துக்கு உடனே இறங்காது. உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேற, ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் உங்கள் பழைய வீட்டையும் சேர்த்து இழுக்கும். இடிபாட்டை நிரப்பாகப் போட்டால் இன்னும் மோசம். இடுக்குகளில் மண் சரிந்து சரிந்து தரை உள்வாங்கும்.

உங்கள் மனையில் தேங்க முடியாத தண்ணீர் எங்கே போகும்? உங்களைவிட ஓரடி தாழ்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்குத்தான். அவர் அடுத்த ஆண்டு இரண்டடி உயர்த்துவார்.

தரையை உயர்த்த வேண்டும் என்றால் மண்ணால் உயர்த்தாதீர்கள். பில்லர்களை உயரமாக எடுத்து, தரையை ஒரு கான்கிரீட் தளமாக அவற்றின்மேல் நிறுத்துங்கள். அடியில் வெற்றிடம் இருக்கட்டும். வெள்ளம் வந்தால் அந்த வழியாகப் போகும், வடியும். தரையும் ஓதம் இல்லாமல் இருக்கும். கரையான், பாம்பு பற்றிக் கவலை என்றால் வலை அடைத்துவிடலாம்.

புதிய அறையைப் பழைய வீட்டோடு கம்பி கோத்து இணைத்துவிடலாமா? அதுதானே பலம்?

இங்கே அதுதான் பலவீனம். உங்கள் பழைய வீடு இருபது முப்பது ஆண்டுகளில் இறங்க வேண்டியதைப் பெரும்பாலும் இறங்கி முடித்திருக்கும். புதிய அறை இனிமேல்தான் இறங்கத் தொடங்கும். இரண்டையும் கம்பியால் பிணைத்தால், இறங்கும் பகுதி நிற்கும் பகுதியைப் பிடித்து இழுக்கும். பழைய சுவரில் துளையிட்டு ரசாயனப் பசை வைத்துச் சொருகும் கம்பிகள் எத்தனை உறுதியோ, அத்தனை ஆழமாகப் பழைய சுவர் பிளக்கும்.

அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை முழுமையாக ஓர் இடைவெளி விடுங்கள். 25 மில்லிமீட்டர் போதும். கட்டும்போது இடையில் தெர்மோகோல் பலகை வைத்து, பிறகு வெளிப்புறம் பாலிசல்ஃபைடு போன்ற நெகிழும் பூச்சால் அடையுங்கள். சிமெண்ட் கலவையால் அடைத்தால் இடைவெளி விட்டதே வீண். மாடியில் அந்த இடுக்கின்மீது ஒரு பக்கம் மட்டும் பொருத்திய தகடு மூடி இருக்க வேண்டும். தரையில் டைல்ஸ் அந்தக் கோட்டில் தொடர்ச்சியாகப் போகக் கூடாது. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அந்தக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வளையும் இணைப்பு வையுங்கள். இதை மறந்த வீடுகளில் சுவர் நன்றாக இருக்கும். குழாய் உடைந்து அஸ்திவாரத்தில் கசிந்துகொண்டிருக்கும்.

பழைய சுவரை ஒட்டிப் பில்லர் வேண்டாம். ஒன்றரை மீட்டர் தள்ளிப் பில்லரை நிறுத்தி, பீமை மட்டும் பழைய வீட்டை நோக்கி நீட்டித் தொங்கவிடலாம். புதிய பாரம் பழைய கடைக்கால் (அஸ்திவார) மண்ணின்மேல் ஏறாது.

வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டும்போது பழைய வீட்டுக்கு ஆபத்து வருமா?

வரும். இந்த வேலையில் அதிகபட்சக் கவனம் தேவைப்படும் கட்டம் இதுவே. 2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரி ஐந்து ஃபர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த பெரும் பள்ளத்தின் கரை சரிந்தது. அருகில் இருந்த அறை பள்ளத்துக்குள் விழுந்து இருவர் இறந்தார்கள். உடல்களை மீட்கவே பல நாட்கள் ஆயின. அது பெரிய கட்டடத்துக்கான பள்ளம்தான். ஆனால் அந்த மண்ணும் உங்கள் மண்ணும் ஒன்று. மழை, பக்கவாட்டுத் தாங்கல் இல்லாத கரை, அருகில் பாரம் என்ற மூன்றும் சேர்ந்தால் ஐந்தடிப் பள்ளமும் ஆளைப் புதைக்கும்.

முதலில் பழைய கடைக்கால் எத்தனை ஆழம் என்று ஓரிடத்தில் சின்னதாகத் தோண்டிப் பாருங்கள். 1980, 90களில் கட்டிய பல வீடுகளில் மூன்று நான்கடி ஆழத்தில் கருங்கல் கட்டு மட்டும்தான் இருக்கும், பில்லர் இருக்காது. புதிய ஃபுட்டிங் அதைவிட ஆழமாகப் போகிறது என்றால், எத்தனை ஆழம் அதிகமோ அதைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போக வேண்டும். அரை மீட்டர் ஆழமென்றால் ஒரு மீட்டர் தள்ளி. அதற்கு இடம் இல்லையென்றால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்.

பழைய சுவர் நெடுக ஒரே நாளில் வாய்க்கால் போலத் தோண்ட விடாதீர்கள். மூன்று நான்கடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு, இறுகியபின் இடையில் விட்டதைத் தோண்ட வேண்டும். ஜே.சி.பி. வாடகை மணிக்கணக்கில் ஏறுகிறதே என்று ஒரே மூச்சில் வாரிவிடச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் கண்டிப்பாக இருங்கள்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

பொங்கல் முடிந்து மண் சற்று உலர்ந்ததும் தொடங்கி, ஆடிக்குள் தரை மட்டத்துக்கு மேல் வந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். மூடாத அஸ்திவாரப் பள்ளத்தோடு ஐப்பசியைச் சந்திக்கக் கூடாது. ஆடியில் புது வேலை தொடங்கத் தயங்குபவர்கள் ஆவணியில் பூமிபூஜை போட்டுவிட்டு மழையோடு போராடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த வீட்டார் தை மாதம் வரை பொறுப்பதே நல்லது.

நாலடியில் ஊற்று வந்துவிட்டது. மோட்டார் வைத்து இறைத்தால் போதுமா?

எப்படி இறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபுட்டிங் குழிக்குள்ளேயே மோட்டார் போட்டு இறைத்தால், தண்ணீரோடு நுண்மணலும் வெளியேறும். அந்த மணல் எங்கிருந்து வருகிறது? பழைய வீட்டின் அடியிலிருந்தும் வரும். வெளியே வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்துப் பாருங்கள். கலங்கி, அடியில் மண் படிந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஃபுட்டிங்குக்கு வெளியே, ஒரு மூலையில், அதைவிட இரண்டடி ஆழமாக ஒரு குழி எடுத்து, துளையிட்ட பீப்பாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, அதற்குள் மோட்டாரை வையுங்கள். தண்ணீர் அங்கே வடிகட்டி வந்து சேரும். மட்டத்தை வேலைக்குத் தேவையான அளவே இறக்குங்கள்; ஆழமாக இறக்கினால் சுற்றிலும் களி சுருங்கும்.

கான்கிரீட் போட்டதும் மோட்டாரை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. அது தவறு. தண்ணீர் கீழிருந்து பச்சைக் கான்கிரீட்டுக்குள் ஊறி, சிமெண்டைக் கழுவிக்கொண்டு போகும். மறுநாள் பார்த்தால் மேலே பால் போல ஓர் ஏடு படிந்திருக்கும். உள்ளே ஜல்லி மட்டும் மிஞ்சும். குறைந்தது ஒரு முழு நாளாவது இறைப்பு தொடர வேண்டும். மின்தடைக்கு ஜெனரேட்டரும், பழுதுக்கு இன்னொரு மோட்டாரும் தயாராக இருக்கட்டும்.

என்ன கலவை, என்ன சிமெண்ட்?

வழக்கமான வீட்டு வேலைக்கு எம்-20 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்; எண் கூடினால் வலிமை கூடும்) போதும் என்பார்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சாதாரண நிலத்தடி நீரில் புதையும் கான்கிரீட்டுக்கே எம்-25 கேட்கிறது. உப்பும் சல்ஃபேட்டும் மிகுந்த மண் என்றால் எம்-35. உங்கள் மனை எந்தப் பிரிவு என்பதை ஆய்வு அறிக்கைதான் சொல்லும். சட்டிக் கணக்கில் அளக்கும் கலவைக்கு விதியில் எம்-20 வரைதான் இடம். அதற்கு மேலே வடிவமைத்த கலவை வேண்டும். ரெடிமிக்ஸ் லாரி தெருவுக்குள் வரும் என்றால் அதையே வாங்குங்கள்.

தண்ணீர்க் கணக்கை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45 என்றால் ஒரு மூட்டைக்கு 22.5 லிட்டர், அதுவும் மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. கலவை ஓடி வரவில்லை என்று சித்தாள் ஒரு குடம் அதிகம் ஊற்றினால் எம்-35 வாங்கிய காசு அங்கேயே கரைந்துபோகும். ஓட்டம் வேண்டுமென்றால் பொறியாளர் சொல்லும் கலப்பு திரவத்தைச் சேருங்கள். வைப்ரேட்டர் இல்லாமல் ஊற்ற விடாதீர்கள்.

சல்ஃபேட் தாங்கும் சிமெண்ட் கேட்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. சல்ஃபேட் மட்டும் மிகுந்த மண்ணுக்கு அது சரி. கடற்காற்றும் உவர்நீரும் உள்ள இந்தப் பக்கம் குளோரைடும் கூடவே வரும். குளோரைடு தாக்குவது கம்பியை. அதை அந்த சிமெண்ட் தடுத்து நிறுத்துவதில்லை. இரண்டும் இருந்தால் இரும்பு உலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. சிமெண்ட் பெரும்பாலும் மேல். அதற்கு நீராற்றுதல் (கியூரிங்) மட்டும் கூடுதலாக, இரண்டு வாரம் வரை தேவை.

உங்கள் போர் தண்ணீரைக் கலவைக்குப் பயன்படுத்தும் முன் பரிசோதியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதே தண்ணீரில் நீராற்றவும் வேண்டாம்.

கம்பி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கம்பியின் பிராண்டைவிட அதற்கும் மண்ணுக்கும் இடையே எத்தனை கான்கிரீட் இருக்கிறது என்பதே முக்கியம். ஃபுட்டிங்கில் குறைந்தது 50 மில்லிமீட்டர். நான் உவர் மண்ணில் 75 கேட்பேன். அடியில் 4 அங்குலம் பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு, அது இறுகிய பிறகு கம்பி வலையை வைக்க வேண்டும். வலையைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் அதே தரக் கான்கிரீட்டில் வார்த்ததாக இருக்கட்டும். செங்கல் துண்டு, டைல்ஸ் உடைசல், ஜல்லிக்கல் எதையும் வலையின் கீழே சொருக விடாதீர்கள். செங்கல் துண்டு உவர்நீரை உறிஞ்சி நேராகக் கம்பியின் வயிற்றில் கொண்டுபோய் வைக்கும். கான்கிரீட் வரும் முன் நீங்களே குனிந்து, நாலு பக்கமும் வலைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். எங்காவது விரல் நுழையவில்லை என்றால் லாரியை நிறுத்துங்கள்.

பழைய வீட்டில் உள்ள ஓதம் புதிய அறைக்கும் வருமா?

பிளிந்த் பீமின் (தரை மட்டத்தில் சுவரைத் தாங்கும் பீம்) மேல் ஈரத்தடுப்பு அடுக்கைச் சுவரின் முழு அகலத்துக்கும் போட்டுவிட்டால் வராது. உள்பூச்சும் வெளிப்பூச்சும் அந்த அடுக்கைத் தாண்டி ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் ஓதம் பூச்சு வழியாக ஏறும்.

அறையோடு ஒரு தரைத்தொட்டியும் கட்டுகிறோம். காலியாக இருந்தால் மிதக்கும் என்கிறார்கள், உண்மையா?

முழு உண்மை. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றரை மீட்டர். இந்தத் தொட்டியைத் தண்ணீர் 9 டன் விசையோடு மேலே தள்ளும். 15 சென்டிமீட்டர் சுவரோடு, மூடி போடாத நிலையில் தொட்டியின் எடை சுமார் 7 டன்தான். ஓர் இரவு பெருமழையில் தொட்டி தூக்கி, பக்கத்து ஃபுட்டிங்கையும் நெம்பிவிடும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டி, அதன்மேல் மண் உட்காரும்படி செய்யுங்கள். மழைக்காலத்தில் தொட்டியைச் சுத்தம் செய்யக் காலி பண்ணாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே கணக்குதான். அது ஒழுகினால் கழுவெளிக்கும் உங்கள் கிணற்றுக்கும் சேர்த்துக் கேடு.

பக்கவாட்டில் இத்தனை சிக்கல் என்றால், மாடி எழுப்பிவிடலாமே?

பழைய அஸ்திவாரம் தாங்கும் என்று பொறியாளர் தோண்டிப் பார்த்துச் சொன்னால், பக்கவாட்டில் கட்டுவதைவிட நானும் மாடியையே விரும்புவேன். மண்ணை மூடாமல் விடுகிறீர்கள். மழை நீர் இறங்க இடம் இருக்கிறது. ஆனால் கருங்கல் கடைக்கால்மேல் நிற்கும் பழைய வீட்டுக்கு அந்தப் பதில் பெரும்பாலும் "முடியாது" என்றே வரும்.

தோண்டிய மண்ணை என்ன செய்வது?

சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இரவோடு இரவாகக் கொட்டிவிட்டு வரும் லாரிகளைப் பற்றித் தெரிந்தே வாடகை பேசாதீர்கள். எங்கே கொட்டுகிறார் என்பதைக் கேட்டு, மாநகராட்சி ஒதுக்கிய இடம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கலவை எந்திரத்தைக் கழுவிய தண்ணீர் கடும் காரத்தன்மை உடையது. அதைத் தெருவோர வாய்க்காலில் விட்டால் நேராகப் போவது, குளிர்காலத்தில் பூநாரைகள் இரை தேடும் அந்த ஆழமில்லாத நீருக்குத்தான். மனைக்குள் ஒரு குழி வெட்டி அதில் தேக்கி, படிந்து இறுகிய கசடைக் கட்டட இடிபாட்டோடு அனுப்புங்கள். இறைக்கும் ஊற்று நீரையும் தெளியவைத்த பிறகே வாய்க்காலில் விடுங்கள்.

வேலை முடிந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் இரண்டு பருவமழைகள் முக்கியம். அறை முடிந்த அன்றே பழைய சுவரிலும் புதிய சுவரிலும் ஒரே மட்டத்தில், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து, ஒவ்வொரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் மட்டம் பிடித்துப் பாருங்கள். புதிய கோடு சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. ஒவ்வொரு முறையும் இறக்கம் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் அதே வேகத்தில் போனாலோ, அறையின் ஒரு மூலை மட்டும் இறங்கினாலோ, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினாலோ, பூச்சு வேலைக்காரரைக் கூப்பிட்டு அடைக்காமல், மண் அறிக்கையையும் இந்தக் கோடுகளின் கணக்கையும் எடுத்துக்கொண்டு கட்டமைப்புப் பொறியாளரிடம் போங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி குறித்துவைத்தால், அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதை அவர் வந்து பார்க்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.